நடுவுல ஒருத்தர் - பட்ஜெட் விமான டிக்கெட்டின் கதை

பதிவு எழுதி ரொம்ப நாளாச்சு மக்கா. ஆபீஸ்ல ஆணி அதிகம். போன வாரம் நண்பர் ஒருத்தர் போன் பண்ணி, "சிங்கப்பூருக்கு டிக்கெட் போடணும், எந்த சைட் நல்ல சைட்?"னு கேட்டார். ஒரு வரியில பதில் சொல்லிட்டு வைக்க வேண்டிய போன், முக்கால் மணி நேரம் ஓடிடுச்சு. அவருக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதி வச்சிடறேன். கொஞ்சம் நீளமாத்தான் போகும், டீயோ காபியோ எடுத்துட்டு வந்து உக்காருங்க.

முதல்ல சொந்தக் கதை, சோகக் கதை.

2018ல எங்க அத்தை (அப்பாவோட அக்கா) கோலாலம்பூர் போக வேண்டியிருந்துச்சு. அவங்க பொண்ணுக்கு அங்கே பிரசவம். பாபநாசத்தைத் தாண்டினா கும்பகோணம், தஞ்சாவூர், எப்பவாவது திருச்சி. அவ்வளவுதான் அத்தையோட உலகம். சீட்டுப் பணம் எடுத்து என் கையில குடுத்து, "நீதான்டா தம்பி கம்ப்யூட்டர் படிச்சவன், நீயே பாத்து போட்டுடு"ன்னாங்க. நானும் பெரிய மனுஷன் மாதிரி விமான கம்பெனி பேரைக் கூகுள்ல அடிச்சேன். முதல்ல வந்ததைச் சொடுக்கினேன். அதே பேரு, அதே கலரு. பணம் கட்டினேன், டிக்கெட் வந்துச்சு. 11,260 ரூபாய்.

கிளம்ப வேண்டிய நாள். ராத்திரி 11.50க்கு விமானம். மூணு மணி நேரம் முன்னாடியே போயிடணும்னு 8.45க்கெல்லாம் திருச்சி ஏர்போர்ட் வாசல்ல கார் நிக்குது. பெட்டிக்குள்ள பிரசவ லேகியம், வசம்பு, பழைய பருத்திப் புடவையில தச்ச குழந்தைத் துணின்னு என்னென்னமோ. உள்ளே போனா கவுண்டர் மூடியாச்சு. விமானத்தை 9.10க்கு மாத்தி ரெண்டு வாரம் ஆச்சாம்!

"உங்களுக்கு மெயில் அனுப்பியிருக்கோமே சார்"னு அந்தப் பையன் கணினியைப் பார்த்து ஒரு முகவரியைப் படிச்சான். எழுத்தும் எண்ணுமா கலந்துகட்டி ஏதோ ஒண்ணு. அது என்னோட மெயில் இல்லை. நான் போட்டுக் குடுத்த போன் நம்பரும் அங்கே இல்லை. "நீங்க எங்ககிட்ட வாங்கலை சார். ஒரு ஏஜென்ட் சைட்ல வாங்கியிருக்கீங்க. மாத்தணும்னா அவங்க மூலமாத்தான் வரணும்"னான். டிக்கெட்டுக்கு அவங்க கைக்குப் போன தொகை 8,140. மிச்சம் 3,120 நடுவுல நின்ன ஆளுக்கு. அந்த ஏஜென்டுக்குப் போன் போட்டா வெளிநாட்டு நம்பர், நாற்பது நிமிஷம் பாட்டு கேட்டதுதான் மிச்சம்.

ரெண்டு நாள் கழிச்சு இன்னொரு டிக்கெட், 17,400 ரூபாய். அதுக்குள்ள குழந்தை பொறந்துடுச்சு. அத்தை என்னை ஒரு வார்த்தை சொல்லலை. அதுதான் ரொம்ப வலிச்சுது. திட்டியிருந்தா தேவலை.

அன்னிக்கு ராத்திரி திரும்பி வர்றப்ப ஒரே கேள்விதான் மண்டையைக் குடைஞ்சுது. சீட்ல உக்காரப் போறது எங்க அத்தை. பணம் கட்டினது நான். அப்புறம் எப்படி விமான கம்பெனிக்கு எங்க ரெண்டு பேரையுமே தெரியாம போச்சு? இதுக்குப் பதில் தேடப்போய்த்தான் இந்த வரலாறு முழுக்க மாட்டுச்சு. வாங்க, கொசுவர்த்தி சுத்தலாம்.

அட்டைப்பெட்டி காலம்

1950கள்ல அமெரிக்காவுல விமான டிக்கெட் போடறதுன்னா, சுழலுற ஒரு வட்ட மேஜை, அதுல அடுக்கி வச்ச அட்டைகள், சுத்தி உக்காந்திருக்கிற ஊழியர்கள். போன் வந்தா அட்டையைத் தேடி எடுத்து, இடம் இருக்கான்னு பார்த்து, குறிச்சு, திரும்ப வைக்கணும். ஒரு டிக்கெட் முடிய சராசரியா 90 நிமிஷம் ஆச்சுன்னு ஐபிஎம்மோட வரலாற்றுப் பக்கங்கள்ல இருக்கு.

1953ல லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து நியூயார்க் போற விமானத்துல ரெண்டு பேர் பக்கத்துப் பக்கத்து சீட்ல உக்காந்தாங்க. ஒருத்தர் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தலைவர் சி.ஆர்.ஸ்மித். இன்னொருத்தர் ஐபிஎம் விற்பனை ஆள், பிளேர் ஸ்மித். ரெண்டு பேரும் ஸ்மித்! பேர்ப் பொருத்தத்துல ஆரம்பிச்ச பேச்சு, அட்டைப்பெட்டிக்குப் பதிலா கணினின்னு போய் முடிஞ்சுது. அதுல பொறந்ததுதான் 'சேபர்' என்கிற முன்பதிவு அமைப்பு. 1960ல முதல்ல ஓட ஆரம்பிச்சு, 1964க்குள்ள அமெரிக்கன் ஏர்லைன்ஸ் முழுக்கப் பரவிடுச்சு.

நம்ம கதைக்கு முக்கியமான வருஷம் 1976. அந்த வருஷத்துல இருந்து சேபர் திரையை டிராவல் ஏஜென்ட் கடைகள்லயே கொண்டுபோய் வச்சாங்க. யுனைடெட் கம்பெனியும் 'அப்பல்லோ'ன்னு தன்னோடதை வச்சுது. பயணிக்கும் விமானத்துக்கும் நடுவுல இப்ப ரெண்டு பேர்: ஏஜென்ட் ஒருத்தர், அவர் மேஜை மேல இருக்கிற திரை இன்னொருத்தர்.

திரை யாரோடதோ, அவங்க விமானம்தான் மேல வரும். ஏஜென்ட் முதல் வரிகள்லயே பார்த்து டிக்கெட் போட்டுடுவார். கீழே உருட்டிப் பார்க்க யாருக்குப் பொறுமை? இந்தத் தில்லாலங்கடி பெரிய பஞ்சாயத்தாகி, 1984ல அமெரிக்க அரசு சட்டம் போட்டு, திரையில ஓரவஞ்சனை கூடாதுன்னு தடுத்துச்சு.

இதைப் படிச்சப்ப எனக்குச் சுருக்குன்னுச்சு. முதல் வரியைச் சொடுக்கற பழக்கத்தை வச்சுக் காசு பாக்கறது கூகுள் காலத்துச் சமாச்சாரம்னு நினைச்சேன். இல்லைங்க, எனக்கு விவரம் தெரியறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்ச ஆட்டம் அது.

யார் காசு?

அந்தக் காலத்துல ஏஜென்டுக்குக் கூலி குடுத்தது நாம இல்லை. விமான கம்பெனி. டிக்கெட் விலையில சுமார் 10 சதவீதம் கமிஷன். அதுபோக ஒவ்வொரு பதிவுக்கும் அந்தக் கணினி அமைப்புக்குத் தனியா கட்டணம். ஆயிரம் டாலர் டிக்கெட்ல இதெல்லாம் யானைக்குச் சோளப்பொரி. ஆனா முப்பது பவுண்டுக்கு டிக்கெட் விக்கணும்னு ஒருத்தன் நினைச்சா? அவனுக்கு இதுதான் யானை.

அமெரிக்காவுல 1971ல பறக்க ஆரம்பிச்ச சவுத்வெஸ்ட் இதை முதல்லயே புரிஞ்சுகிட்டது. அடுத்தவன் திரையில இருந்து முடிஞ்ச அளவு ஒதுங்கி, நேரா பயணிக்கே விக்கறதுலதான் அவங்க கவனம். 1996லயே தங்களோட சொந்த இணையதளத்துல டிக்கெட் வித்தாங்க.

ஐரோப்பாவுல வந்தார் ஸ்டெலியோஸ் ஹாஜி-இயோனு. 28 வயசு, கிரேக்கக் கப்பல் முதலாளி வீட்டுப் பையன். அவரோட ஈஸிஜெட் 1995 நவம்பர் 10 அன்னிக்கு லண்டன் பக்கத்து லூட்டனிலிருந்து ஸ்காட்லாந்துக்குப் பறந்துச்சு. கட்டணம் 29 பவுண்டு. ஒரு ஜீன்ஸ் விலையில விமானப் பயணம்னு விளம்பரம். ஏஜென்டே கிடையாது. புக்கிங் போன் நம்பரை விமானத்தோட உடம்பு மேலேயே ஆரஞ்சு நிறத்துல ராட்சச எழுத்துல எழுதிட்டாங்க. பறக்கற விளம்பரப் பலகை! 1998ல இணையத்துல விக்க ஆரம்பிச்சாங்க. அயர்லாந்தின் ரயன்ஏர் 2000 ஜனவரியில தன் தளத்தைத் திறந்துச்சு.

சாப்பாடு கிடையாது, சீட்டு சாயாது, பெட்டிக்குத் தனிக் காசுன்னு பட்ஜெட் விமானத்தைக் கிண்டல் பண்றோம். ஆனா அது மலிவா இருக்கறதுக்கு முக்கியமான காரணங்கள்ல ஒண்ணு நம்ம கண்ணுக்குத் தெரியாதது. நடுவுல ஆள் இல்லை. தறிக்காரர் கிட்டயே போய்ப் புடவை எடுக்கற மாதிரி.

நம்ம பக்கம்

இதே சரக்கு ஆசியாவுக்கு வந்துச்சு. 2001ல டோனி ஃபெர்னாண்டஸ் கடன்ல மூழ்கிக் கிடந்த ஏர்ஏசியாவை ஒரே ஒரு ரிங்கிட்டுக்கு வாங்கினார் (கடனையும் சேர்த்துதான், ஆசைப்படாதீங்க). ரெண்டே ரெண்டு விமானம். அந்த கம்பெனிதான் 2008 டிசம்பர்ல திருச்சிக்கும் வந்துச்சு. கோலாலம்பூர் போற நம்ம ஊர் சனங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கம் கேட்டுப் பாருங்க, சொல்லுவாங்க.

இந்தியாவுல கேப்டன் கோபிநாத் 2003ல ஏர் டெக்கான் ஆரம்பிச்சார். 'சூரரைப் போற்று' படம் அவர் வாழ்க்கையைத் தழுவினதுன்னு உங்களுக்குத் தெரியும். படத்துல ஓரமா வந்துபோற ஒரு சங்கதிதான் எனக்கு முக்கியம்: டிக்கெட்டை எப்படி வித்தாங்க? பெரிய கம்பெனிகள் மாதிரி அந்தக் கணினி வலைக்குள்ள போகாம, கால் சென்டர்லயும் சொந்த இணையதளத்துலயும் வித்தாங்க. கிரெடிட் கார்டு இல்லாத ஊருக்கு பெட்ரோல் பங்க்ல கூட டிக்கெட். அதுக்கு முந்தின வருஷம், 2002லதான் ஐஆர்சிடிசி ரயில் டிக்கெட்டை இணையத்துக்குக் கொண்டுவந்திருந்துச்சு. திரையில பணம் கட்டினா சீட்டு கிடைக்கும்னு நம்ம சனம் நம்ப ஆரம்பிச்ச நேரம். பின்னாடி 2005ல ஸ்பைஸ்ஜெட், 2006ல இண்டிகோ.

போனவர் திரும்பி வந்தார்

பட்ஜெட்காரர்களைப் பார்த்துப் பெரிய கம்பெனிகளும் சுதாரிச்சுகிட்டாங்க. 1995ல டெல்டா, உள்நாட்டு ரவுண்ட் ட்ரிப்புக்கு 50 டாலருக்கு மேல கமிஷன் கிடையாதுன்னுச்சு. 2002ல அமெரிக்காவுல அடிப்படைக் கமிஷனையே நிறுத்திடுச்சு, மத்தவங்களும் பின்னாலேயே போனாங்க. இந்தியாவுல 2008ல பெரிய கம்பெனிகள் மிச்சமிருந்த 5 சதவீதத்தை நிறுத்தினப்ப ஏஜென்டுகள் போராட்டமே நடத்தினாங்க.

இங்கதான் கதை திரும்புது. கம்பெனி கூலி குடுக்காதுன்னா ஏஜென்ட் யார்கிட்ட வாங்குவார்? நம்மகிட்டதான். 'சேவைக் கட்டணம்', 'வசதிக் கட்டணம்'னு பல பேர்ல. அதுக்குள்ள ஏஜென்ட் கடையிலிருந்து இணையத்துக்குக் குடி மாறியிருந்தார். 1996லயே மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பீடியாவை ஆரம்பிச்சாச்சு. 2000ல அமெரிக்காவுல இருக்கற இந்தியர்களை மனசுல வச்சு மேக்மைட்ரிப் வந்துச்சு. இவங்களை நான் குறை சொல்லலை. நாலு கம்பெனி விலையை ஒரே இடத்துல பார்க்க முடிஞ்சது இவங்களாலதான்.

சிக்கல் பட்ஜெட் விமானத்துலதான். அவங்க தங்களோட விலையைப் பொது வலைக்குள்ள விடலை. சில தளங்கள் என்ன பண்ணுச்சுன்னா, ஒரு நிரலை எழுதி விமான கம்பெனியோட தளத்துக்கே அனுப்பி, விலையைச் சுரண்டிட்டு வந்து, மேல தங்க காசைச் சேர்த்து வித்தாங்க. நீங்க அங்கே பணம் கட்டினதும், அந்த நிரல் உங்க பேர்ல விமான கம்பெனி தளத்துல டிக்கெட் வாங்கும். ஆனா மெயில் முகவரி அவங்களோடது. கார்டும் அவங்களோடது.

என் கேள்விக்குப் பதில் கிடைச்சுடுச்சுங்களா? எங்க அத்தை விமான கம்பெனிக்குத் தெரியாம போனது ஏதோ கோளாறு இல்லை. அந்த வியாபாரமே அப்படித்தான் ஓடுது.

2008 ஆகஸ்ட்ல ரயன்ஏர், இப்படி வாங்கின டிக்கெட்டையெல்லாம் ரத்து பண்ணுவோம்னு அறிவிச்சுது. நடுவுல மாட்டினது பயணிகள்தான். 2015 ஜனவரியில ஐரோப்பிய நீதிமன்றம், தளத்துல இருந்து விலையை எடுக்கக் கூடாதுன்னு ஒப்பந்த நிபந்தனை போடற உரிமை கம்பெனிக்கு உண்டுன்னு தீர்ப்பு சொல்லிச்சு. அதே 2015ல ரயன்ஏர் கூகுளையும் இடிரீம்ஸ் என்கிற தளத்தையும் கோர்ட்டுக்கு இழுத்துச்சு. தங்களோட தளம் மாதிரியே தோற்றத்தோட விளம்பரம் வருதுன்னு புகார். அதே பேரு, அதே கலரு. நான் சொடுக்கினது ஞாபகம் வருதுங்களா?

டிக் அடிச்சே வர்ற இன்சூரன்ஸ் கட்டத்துக்கும் ஒரு வழக்கு இருக்கு. 2012ல ஐரோப்பிய நீதிமன்றம், விமான டிக்கெட்டோட இன்சூரன்ஸை முன்கூட்டியே டிக் பண்ணி வைக்கறது தப்பு, வேணும்னு பயணியே தேர்ந்தெடுக்கணும்னு சொல்லிச்சு. இந்தியாவுல 2023 நவம்பர்ல வந்த வழிகாட்டு நெறிகள் 13 வகை இணையத் தில்லுமுல்லுகளைப் பட்டியல் போட்டுத் தடை பண்ணியிருக்கு. கேக்காம கூடையில பொருளைப் போடறது, கடைசிப் பக்கம் வரைக்கும் உண்மையான விலையை மறைக்கறது, ரெண்டும் அதுல இருக்கு.

2020: எல்லாரும் திருச்சி கவுண்டர்ல

லாக்டவுன்ல எல்லா விமானமும் நின்னப்பதான் இந்த நடுவாள் விவகாரம் ஊருக்கே புரிஞ்சுது. ரீஃபண்ட் கேட்டா, கம்பெனி ஏஜென்டைக் கை காட்டும். ஏஜென்ட் கம்பெனியைக் கை காட்டும். 2020 அக்டோபர் 1 அன்னிக்கு உச்ச நீதிமன்றம், லாக்டவுன் டிக்கெட்டுகளுக்கு ரீஃபண்ட் முறையை வகுத்துக் குடுத்துச்சு. ஏஜென்ட் மூலமா வாங்கினதா இருந்தா, பணம் ஏஜென்ட் கைக்குப் போய், அவர் உடனே பயணிக்குத் தரணும். 'உடனே'ன்னா எவ்வளவு நாளு? 2024 ஜூன்ல கூட, பாக்கி இருந்த லாக்டவுன் ரீஃபண்டைக் குடுங்கன்னு ஒரு பெரிய பயணத் தளத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட வேண்டியிருந்துச்சு. நாலு வருஷம்!

கம்பெனி மட்டும் உத்தமரா?

இல்லவே இல்லை. நேரா வாங்குங்கன்னு அவங்க சொல்றது நம்ம மேல பாசத்துல இல்லை. நேரா வந்தாத்தான் சீட்டு, பெட்டி, சாப்பாடு, ஓட்டல்னு எல்லாத்தையும் அவங்களே விக்கலாம். 2023 கடைசியில பல பெரிய தளங்கள் ரயன்ஏர் டிக்கெட்டை விக்கறதை நிறுத்தினாங்க. 2024ல ரயன்ஏர் ஒவ்வொரு தளத்தோடயா ஒப்பந்தம் போட்டுச்சு. 2025 டிசம்பர்ல இத்தாலியின் போட்டி ஆணையம், ஏஜென்சிகளை நசுக்கினதா சொல்லி ரயன்ஏருக்கு 25 கோடி யூரோவுக்கு மேல அபராதம் போட்டுச்சு. ஆக, ரெண்டு பேரும் சண்டை போடறது நம்ம பர்ஸுக்காகத்தான்.

தெருமுனையில போர்டு வச்சுக் கடை போட்டிருக்கற டிராவல்ஸ்காரரையும் இந்தக் கணக்குல சேர்க்காதீங்க. அவரும் காசு வாங்குவார், ஆனா கேட்டா தொகையைச் சொல்லிட்டு வாங்குவார். விமானம் மாறினா ராத்திரியில போன் பண்ணுவார். பண்ணலைன்னா காலையில கடை வாசல்ல போய் நிக்கலாம். முகமும் முகவரியும் இல்லாத நடுவாள்தான் ஆபத்து.

நான் இப்ப என்ன பண்றேன்

1. விலை ஒப்பிட எந்தத் தளத்தை வேணும்னாலும் பார்ப்பேன். வாங்கறப்ப விமான கம்பெனியோட முகவரியை நானே தட்டச்சு பண்ணிப் போவேன், இல்லைன்னா அவங்க செயலியில. தேடல்ல 'விளம்பரம்'னு போட்டு வர்ற முதல் வரியைத் தொடறதில்லை.

2. பணம் கட்டற முன்னாடி முகவரிப் பட்டையைப் படிப்பேன். கம்பெனி பேரு நடுவுல எங்கேயாவது இருந்தா போதாது. புள்ளி காம்முக்கு ஒட்டி முன்னாடி இருக்கற பேர்தான் தளத்தோட சொந்தக்காரர் பேர்.

3. மொத்தத் தொகையை கம்பெனி தளத்துல வர்ற மொத்தத் தொகையோட ஒப்பிடுவேன். முதல் பக்க விலையை நம்பறதே இல்லை. பெட்டி, சீட்டு எல்லாம் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கணும்.

4. நம்ம ஆளுங்களுக்கு இனிஷியல் பிரச்சனை வேற. குடும்பப் பேர் கட்டத்துல என்ன போடறதுன்னு முழிப்போம். பாஸ்போர்ட்ல எப்படி இருக்கோ அப்படியே போடணும். தப்பாப் போச்சுன்னா உடனே திருத்தணும். நேரா வாங்கியிருந்தா கம்பெனிகிட்டயே பேசலாம். நடுவுல ஆள் இருந்தா அவர் மனசு வைக்கணும்.

5. ஏற்கனவே நடுவாள்கிட்ட வாங்கிட்டீங்களா? பதறாதீங்க. பயணப் பதிவு எண்ணை வச்சு கம்பெனி தளத்துக்குப் போய், உங்க மெயிலும் போனும் அங்கே இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா மாத்தக் கேளுங்க. விமானம் கிளம்பற நேரத்தை முந்தின வாரமும் முந்தின நாளும் அங்கேயே பாருங்க. இந்த ஒரு காரியத்தை மட்டும் நான் 2018ல பண்ணியிருந்தா, அத்தை பேரனைப் பொறந்த அன்னிக்கே தூக்கியிருப்பாங்க.

அந்தப் பேரன் இப்ப பள்ளிக்கூடம் போறான். அத்தை அதுக்கப்புறம் ரெண்டு தடவை போயிட்டு வந்துட்டாங்க. ரெண்டு தடவையும் நான்தான் டிக்கெட் போட்டேன். ரெண்டு தடவையும் ஒரே கேள்வி: "கம்பெனிக்காரன்கிட்டயே வாங்கினியா தம்பி?"

குத்திக் காட்டறதுக்காகக் கேக்கறாங்களா, அக்கறையில கேக்கறாங்களான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியலை. "ஆமா அத்தை"ன்னு சொல்லிட்டு, திரையைத் திருப்பி முகவரிப் பட்டையையும் காட்டிடறேன்.

டிஸ்கி: அந்த 11,260ல திரும்பி வந்தது எவ்வளவுன்னு கேக்காதீங்க. வந்த காசுல அத்தைக்கு ஒரு பருத்திப் புடவை கூட எடுக்க முடியலை :-(